பினாங்குக்கு நாலு டப்பா மல்லிகை ஸ்ப்ரே

“மாமா, அந்த மல்லிகை வாசனை ஸ்ப்ரே நாலு டப்பா கொண்டு வர முடியுமா? அம்மாவுக்குத்தான். ஆனா அம்மா கேக்கல, நான்தான் கேக்குறேன்.”

சென்ற செப்டம்பர் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை 7.42க்குப் பினாங்கிலிருந்து என் கைப்பேசிக்கு வந்த செய்தி இது. அனுப்பியவன் ஃபாரூக், என் அக்கா நூர்ஜஹானின் இளைய மகன். அக்கா என்னோடு பேச்சை நிறுத்தி அன்றைக்கு ஐந்து ஆண்டும் நான்கு மாதமும் ஆகியிருந்தன. நாட்கணக்கும் வைத்திருக்கிறேன். யாரும் கேட்டதில்லை என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

பிணக்குக்குக் காரணம் நான். அக்காவின் அறுபதாவது பிறந்தநாளன்று பிள்ளைகள் கேக் வெட்டிப் படம் எடுத்து எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போட்டார்கள். எல்லோரும் வாழ்த்தினார்கள். நானும் வாழ்த்தினேன். வாழ்த்துக்குக் கீழே, எங்கள் வாப்பா கடற்காற்றையும் வீட்டுப் பிறப்புகளையும் குறித்துவந்த பழைய நோட்டில் அக்காவின் பிறப்பு குறித்திருந்த பக்கத்தைப் படமெடுத்துப் போட்டு, “சிறு திருத்தம்: அறுபது அல்ல, அறுபத்திரண்டு” என்று எழுதினேன். பத்து நிமிடத்தில் அக்கா குழுவை விட்டு வெளியேறினாள். அதற்கு இரண்டு ஆண்டு கழித்து மச்சான், அதாவது அக்காவின் கணவர், இறந்துபோனார். அப்போதும் என்னால் போக முடியவில்லை. ஊரார் தேதிகளையெல்லாம் சரிபார்க்கும் எனக்கு என் பாஸ்போர்ட் காலாவதியானது தெரியாமல் போயிற்று. இரங்கல் செய்தி மட்டும் அனுப்பினேன். பதில் வரவில்லை.

ஆகவே இந்த நாலு டப்பா சாதாரண நாலு டப்பா அல்ல. அந்த வீட்டிலிருந்து வந்த முதல் விண்ணப்பம். நாலும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் அக்கா ஒரு வார்த்தை பேசக்கூடும் என்று கணக்குப் போட்டேன்.

என் வேலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எண்ணூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில், ஆபத்தான சரக்குப் பிரிவில் எழுத்தராக இருந்து சென்ற மே 31ஆம் தேதி ஓய்வு பெற்றவன் நான். பெயிண்ட், ஆசிட், தின்னர், ஸ்ப்ரே டப்பா எது கப்பலேறினாலும் அதன் மேல் உரிய சாய்சதுர ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார்த்து எழுதுவது என் பொறுப்பு. யார்டில் அதை ‘டைமண்ட்’ என்போம். ஸ்ப்ரே டப்பாவுக்குச் சிவப்பு டைமண்ட், நடுவே தீக்கொழுந்து, அடியில் எண் இரண்டு. ஐ.நா. எண் 1950. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சொல்லிவிட்டு ஏற்றும் சரக்கு கப்பலைக் கொளுத்தாது, சொல்லாமல் ஏற்றும் சரக்குதான் கொளுத்தும் என்பது எங்கள் யார்டின் பாலபாடம்.

செப்டம்பர் 27, சனிக்கிழமை. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் ஸ்ப்ரே வாங்கினேன். உடம்பில் அடித்துக்கொள்ளும் வகை, கொருக்குப்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனி தயாரிக்கிறது. ஒவ்வொரு டப்பாவாகத் திருப்பி உற்பத்தித் தேதி பார்த்தேன். ஆறாவது டப்பாவில் கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

“இன்னா பாய், பால் பாக்கெட்டா வாங்குற? கெட்டா பூடும்?”

“ஊர் விட்டு ஊர் போற சரக்குப்பா.”

“ஊர் விட்டு ஊர் போனா வாசன மாறுமா? அடச்சீ, எட்துகினு போ பாய்.”

அக்டோபர் 3, வெள்ளி. பெட்டி கட்டும் நாள். விமானக் கம்பெனியின் விதிகளை அச்செடுத்துப் படித்தேன். குளிக்க, பூச, சவரம் செய்ய உதவும் ஸ்ப்ரேக்கள் தனிப்பட்ட உபயோகத்துக்கு அனுமதி உண்டு. கைப்பெட்டியில் என்றால் நூறு மில்லிக்கு மேல் கூடாது. சரக்கில் போடும் பெட்டியில் ஒரு டப்பா அரை லிட்டருக்கும், மொத்தம் இரண்டு லிட்டருக்கும் மிகக் கூடாது. வாய்ப்பகுதி அழுந்தாதபடி மூடி இருக்க வேண்டும். என்னிடம் மல்லிகை நான்கு, நூற்றைம்பது மில்லி வீதம் அறுநூறு. என் சவர நுரை இருநூறு. ஆக எண்ணூறு. விதிக்குள் வசதியாக அடங்கியது. ஐந்து டப்பாவையும் கைலிகளுக்கு நடுவே படுக்கவைத்தேன். பொருள், அளவு, மூடி உண்டா, காலாவதித் தேதி என்று கட்டம் போட்டு மூன்று பிரதி எழுதினேன்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கை பழக்கம் விடவில்லை. ஓய்வு பெற்ற நாளில் ஞாபகமாக எடுத்துவந்த ஸ்டிக்கர் தாள் ஒன்று அலமாரியில் இருந்தது. சிவப்பு டைமண்ட் ஒன்றை உரித்துச் சூட்கேஸின் முகப்பில், கோணம் பிசகாமல், ஒட்டினேன். உள்ளங்கை இரண்டையும் சேர்த்து வைத்தது போலப் பெரியது. தள்ளி நின்று பார்த்தபோது மனம் நிறைந்தது.

என் மனைவி ஷமீம் வந்து பார்த்தாள்.

“இன்னாங்க இது, நெருப்புப் படம்?”

“உள்ளே என்ன இருக்குன்னு நேர்மையாச் சொல்றது.”

“அப்ப உங்க நெத்தியில ஒண்ணு ஒட்டிக்கோங்க. உங்க அக்கா தள்ளியே நிக்கும்.”

அக்டோபர் 4, சனி. புறப்பாடு. திருவொற்றியூர் தேரடியில் மெட்ரோ ஏறினால் நேரே விமான நிலையம். சூட்கேஸைத் தூக்கிக்கொடுக்கப் பாபு வந்திருந்தான். எர்ணாவூர்க்காரன், யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவன். இப்போது சொந்தமாகக் குட்டி யானை வண்டி வைத்துக் காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றுகிறான்.

“இன்னா பாய், பொட்டிய ஏத்துமதி பண்றியா?” என்றான் டைமண்டைப் பார்த்து.

“விதி பாபு.”

“நமக்குத்தான் பாய் விதி. ஊருக்கு அத்து இன்னான்னே தெரியாது.”

அவன் சொன்னதுதான் நடந்தது. மெட்ரோ வாசலில் சோதனைக்கு நின்ற பெண் சூட்கேஸைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனாள்.

“சார், உள்ளே கேஸா?”

“கேஸ்தாம்மா. ஆனா கொஞ்சம்.”

இப்படிப் பதில் சொல்லியிருக்கக் கூடாது என்பது இப்போது தெரிகிறது. பிரதியொன்றை எடுத்து நீட்டினேன். அவள் அதைத் தொடக்கூட இல்லை. தீப்பிடிக்கும் பொருளென்று நானே எழுதி ஒட்டியதை உள்ளே விட முடியாது என்று மரியாதையாகச் சொன்னாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அந்தப் பெருமிதத்தில் சிறிது நேரம் நின்றேன். பாபு என் முழங்கையைப் பிடித்து இழுத்தான்.

“வா பாய், வண்டில போலாம். இங்கியே நின்னு மெடல் வாங்கப் போறியா?”

குட்டி யானையின் பின்பக்கம் காலையில் இறக்கிய வஞ்சிரமும் கவளையும் விட்டுப்போன தண்ணீர் இன்னும் நின்றுகொண்டிருந்தது. சூட்கேஸை ஒரு ஐஸ் பெட்டி மேல் வைத்துக் கட்டினான். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வழக்கம்போல் வரிசை கட்டி நின்றன. ராயபுரம் வருவதற்குள் முக்கால் மணி நேரம். நான் ஒவ்வொரு கண்டெய்னரின் ஸ்டிக்கரையும் படித்துக்கொண்டு வந்ததால் அலுப்புத் தெரியவில்லை. இரண்டில் டைமண்ட் கோணலாக இருந்தது.

ராயபுரம் பாலம் ஏறும்முன் பாபு வண்டியை ஓரம்கட்டி, “ஒரு நிமிசம் பாய், டீ வாங்கியாறேன்” என்று போனான். டீயோடு வந்தவன் பின்பக்கம் ஏதோ செய்தான். திடீரென்று தெருவெல்லாம் மல்லிகை மணத்தது.

இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தேன். சூட்கேஸ் திறந்திருந்தது. பாபு ஒரு டப்பாவை எடுத்து, கோயிலில் தீர்த்தம் தெளிப்பதுபோல் சூட்கேஸைச் சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருந்தான்.

“டேய்! இன்னாடா பண்ற?”

“பொட்டி மீன் கவுச்சி அடிக்குது பாய். ஏரோபிளேன்ல கலீஜா இருக்கும்ல? இப்ப பாரு, மாப்பிள்ள வூட்டுப் பொட்டி மாதிரி கீது.”

“மூடி எங்கடா?”

பாபு கையைப் பார்த்தான், காலடியைப் பார்த்தான். மூடி சாலைச் சரிவில் உருண்டு ஒரு டிரெய்லர் லாரியின் அடியில் போய்க்கொண்டிருந்தது. லாரியின் பதினாறு சக்கரமும் நகர ஆரம்பித்திருந்தன.

“பேஜாரு பண்ணாத பாய். மூடிதானே? வாசனையா மூடில கீது?”

விமான நிலையத்தில் பயணச்சீட்டைக் காட்டும் இடம் வரைக்கும் எல்லாம் சுமுகம். பெட்டியை எடைப்பலகையில் வைத்தேன். கவுண்டரில் இருந்த பெண் புன்னகையோடு ஏதோ கேட்க வாயெடுத்தாள். டைமண்ட் அவள் கண்ணில் பட்டது. புன்னகை அப்படியே நிற்க, கை மட்டும் தொலைபேசிக்குப் போனது. பெட்டிகள் நகரும் பட்டை நின்றது. மேலாளர் ஒருவர் வந்தார். அவரோடு பாதுகாப்பு அதிகாரி ஒருவரும் வந்தார். மீசை நரைத்தவர், மதுரைப் பக்கத்துப் பேச்சு.

“ஐயா, இதை ஒட்டினது யாரு?”

“நான்தான்.”

“எதுக்கு?”

மூன்று பிரதியில் ஒன்றைக் கொடுத்தேன். நிதானமாகப் படித்தார். பின்பக்கம் திருப்பினார். அங்கே கையொப்பமும் நேரமும் இருந்தன.

“ஐயா, நான் இந்த வேலைக்கு வந்ததிலேருந்து ஒளிச்சு எடுத்துட்டுப் போறவங்களைத்தான் பிடிச்சிருக்கேன். போஸ்டர் ஒட்டிக்கிட்டு வர்ற ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன்.”

வரிசையில் சிரிப்பு. அவர் பொறுமையாக விளக்கினார். பயணியின் பெட்டியில் இந்த அளவு ஸ்ப்ரே எந்த ஸ்டிக்கரும் இல்லாமல் போகலாம். ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் அது பயணியின் பெட்டியே அல்ல. “கிழிச்சா நீங்க பயணி. ஒட்டியிருந்தா நீங்க சரக்கு. எப்படிப் போறீங்க?”

பயணியாகவே போவதாகச் சொல்லி உரிக்க முயன்றேன். அப்போதுதான் நினைவு வந்தது. கப்பல் சரக்குக்கான ஸ்டிக்கர் மூன்று மாதம் கடல்நீரில் கிடந்தாலும் அழியக்கூடாது என்பது விதி. மட்டமான ஸ்டிக்கர் அனுப்பிய எத்தனையோ பேரை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். நகத்தால் சுரண்டினேன். சாவியால் சுரண்டினேன். மேலாளர் சானிட்டைசர் ஊற்றினார். தீக்கொழுந்து முன்னைவிடப் பளபளத்தது.

“நல்ல சரக்குங்க” என்றேன், என்னையறியாமல்.

பின்னால் கயிறு கட்டிய அட்டைப்பெட்டியோடு நின்ற ஒரு அம்மா முன்னால் வந்தார். “இன்னா நைனா இத்தினி நேரம்? உன்னாண்ட கைலி கீதா? எட்து பொட்டிக்குக் கட்டு. மானம் மறையும்.”

அதிகாரிக்கும் அது சரியென்று பட்டது. முதலில் சூட்கேஸை ஓரத்து மேசையில் திறந்து டப்பாக்களை எடுத்து வைத்தார். என் பட்டியலில் ஐந்து. மேசையில் ஆறு. ஆறாவது கரப்பான் பூச்சி ஸ்ப்ரே.

“இது பட்டியல்ல இல்லையே?”

ஷமீமுக்குப் போன் போட்டேன். “நான்தான் வெச்சேன்” என்றாள். “போற எடத்துல கரப்பான் இருந்தா நீங்க கட்டில் மேல ஏறி நிப்பீங்க. அத்த யாரு பாக்குறது?”

கரப்பான் மருந்து குளியல் சாமான் அல்ல, ஆகவே போகாது என்றார் அதிகாரி. மனத்துக்குள் அவருக்கு நன்றி சொன்னேன். ஐந்தாண்டு கழித்து அக்கா வீட்டு வாசலில் கரப்பான் மருந்தோடு போய் நிற்பதை நினைத்துப்பார்த்தேன். அடுத்த ஐந்தாண்டுக்கு அது போதும். ஆனால் அவர் மூடியில்லாத மல்லிகையையும் எடுத்து ஒதுக்கினார்.

“சார், மூடி ராயபுரத்துல விழுந்துடுச்சு.”

“வாய் அழுந்திச்சுன்னா உள்ளே முழுக்கக் கசியும் ஐயா. மூடி இருந்தாத்தான் போகும். உங்களுக்கு நான் சொல்லணுமா?”

சவர நுரையின் மூடியைப் போட்டுப் பார்த்தேன். பெரிது. டேப் சுற்றுகிறேன் என்றேன். தலையசைத்தார். ‘வேண்டாம்’ என்ற பொருளில். கைப்பெட்டியில் வைக்கக் கேட்கலாமென்றால் நூற்றைம்பது மில்லி. வாதாட எனக்கு ஒரு விதியும் மிச்சமில்லை. பறித்த சாமான்களைப் போடும் தொட்டியில் மல்லிகையும் கரப்பானும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. பட்டியலின் மூன்று பிரதியிலும் ‘நான்கு’ என்பதை அடித்து ‘மூன்று’ என்று எழுதி, ஒரு மூடிக்கு நேரே ‘இல்லை’ என்று திருத்தி, நேரம் போட்டேன். சூட்கேஸுக்கு நீலக்கட்டம் போட்ட கைலியைச் சுற்றி முடிச்சுப் போட்டார் அந்த அம்மா.

விமானத்தில் கொடுத்த பிரியாணி கையளவு. முட்டை பாதி. மறுபாதி யாருக்குப் போனது என்று பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்டேன். அவர் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார்.

பினாங்கில் பெட்டிகள் சுற்றிவரும் இடத்தில் என் சூட்கேஸ் கைலியோடு வந்தபோது இரண்டு மலாய்ப் பெண்கள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். காதில் விழுந்ததை நான் ஒப்பிக்க, ஃபாரூக் பிறகு மொழிபெயர்த்தான்: “பெட்டிக்குக்கூட சாரோங் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். நல்ல குடும்பம் போல.”

ஃபாரூக் காரில் கூட்டிப்போனான். பதினாலாவது மாடியில் வீடு. ஜன்னலில் கடல், கடலுக்கு அப்பால் பட்டர்வொர்த் துறைமுகத்தின் கிரேன்கள். எண்ணூரில் கடலைப் பார்க்கக் கிரேனைச் சுற்றிப் போக வேண்டும். இங்கே கடலும் கிரேனும் ஒரே ஜன்னலில் கிடைக்கின்றன.

அக்கா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். சலாம் சொன்னேன். பதில் சலாம் சொன்னாள். அது மார்க்கக் கடமை என்பதால் பேச்சுக் கணக்கில் சேர்க்க முடியாது. பிறகு மகன் பக்கம் திரும்பினாள்.

“ஃபாரூக், வந்தவரைக் கை கழுவச் சொல்லு.”

நான் நாலடி தூரத்தில் நின்றேன்.

“மாமா, கை கழுவுங்க” என்றான் ஃபாரூக். அவன் முகத்தில் இரண்டு துறைமுகங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட இழுவைப்படகின் களைப்பு.

மூன்று டப்பாவையும் அவனிடம் கொடுத்தேன். உள்ளே கொண்டுபோய் வைத்தான். 

“மல்லிகை எதுக்குடா அம்மாவுக்கு?” என்று ரகசியமாகக் கேட்டேன்.

“டுரியான் பழத்துக்கு மாமா. கீழ் வீட்டுச் சீன ஆண்ட்டி சீசன்ல பெட்டி பெட்டியா வாங்குவாங்க லா. அம்மாவுக்கு அந்த வாசம் ஆகவே ஆகாது. எல்லா ஸ்ப்ரேயும் அடிச்சுப் பாத்தாச்சு, டுரியான்கிட்ட எதுவும் நிக்கல. இது ஒண்ணுதான் நின்னுச்சு. அடுத்த சீசன் வருதுல்ல?”

கொருக்குப்பேட்டைக்கு இப்படியொரு பெருமை இருப்பது அங்கே யாருக்கும் தெரியாது.

அக்டோபர் 5, ஞாயிறு. ஃபாரூக் நாசி கண்டார் சாப்பிடக் கூட்டிப்போனான். சோற்றைத் தட்டில் போட்டு, கோழிக் குழம்பு, மீன் குழம்பு, கறிக் குழம்பு எல்லாவற்றிலும் ஒவ்வொரு கரண்டி மேலே ஊற்றுகிறார்கள். அதற்குப் பெயரே ‘வெள்ளம்’ என்று பொருள்படும் மலாய்ச் சொல். ராயபுரத்தில் ஒரு கல்யாண வீட்டில் இப்படிக் கலந்து ஊற்றினால் பந்தியிலேயே பஞ்சாயத்து நடக்கும். இங்கே அதற்குத் தெருக்கோடி வரை வரிசை. பரிமாறியவர் தமிழ் பேசினார். “மெட்ராஸா அண்ணே? அங்க ரசம் தனியா, சாம்பார் தனியா ஊத்துவாங்களாம்ல? எம்மா நேரம் ஆகும் சாப்பிட!” என்று பரிதாபப்பட்டார்.

மாலை வீட்டில் அக்கா மீன் பொரித்தாள். எனக்குத் தலைப்பக்கத் துண்டு பிடிக்கும். அது என் தட்டில் இருந்தது. “ஃபாரூக், முள்ளு கீதுன்னு சொல்லு” என்றாள். அரை நூற்றாண்டாகப் பினாங்குப் பக்கம் வாழ்ந்தவர்களெல்லாம் வாக்கியத்துக்கு வாக்கியம் ‘லா’ போட்டுப் பேச, அக்காவின் ‘கீது’ மட்டும் ராயபுரத்தை விட்டு நகரவில்லை.

அக்டோபர் 6, திங்கள். ஃபாரூக் வேலைக்குப் போய்விட்டான். மொழிபெயர்ப்பாளர் இல்லாத வீட்டில் நானும் அக்காவும் மட்டும் இருப்பது இருவருக்குமே கஷ்டம். படகுத்துறையைப் பார்த்துவருகிறேன் என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் குளிர்சாதனக் காற்றில் தூங்கிவிட்டேன். விழித்தபோது சுற்றிலும் மலை, தோப்பு. ஓட்டுநர் சீனர். கையால் வாசலைக் காட்டி ஏதோ சொன்னார். சைகையின்படி அதன் பொருள்: “தீவு முடிந்துவிட்டது, இறங்கு.”

தீவின் மறுகோடியில், பாலிக் புலாவ் என்ற ஊரில் இறங்கியிருந்தேன். திரும்பும் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. ஒரு கடைக்காரர் அழைத்து உட்காரவைத்து, குளிர்பெட்டியிலிருந்து மஞ்சளாக எதையோ எடுத்துக் கொடுத்தார். மறுப்பது மரியாதையல்ல என்று வாயில் போட்டேன். பாலாடையும் வெங்காயமும் பலாப்பழமும் ஒரே வீட்டில் சண்டையோடு குடியிருந்தால் வரும் ருசி. இரண்டாவது துண்டு நானே கேட்டு வாங்கினேன். அதில் பாதி சட்டையில் விழுந்தது.

திரும்பும் பஸ்ஸில் என்னைச் சுற்றி மூன்று வரிசை காலியாயிற்று. டுரியானுக்குப் பஸ்ஸில் அனுமதி இல்லையென்று சிவப்புக் கோடு போட்ட படம் ஒட்டியிருந்தது. நான் பழத்தைக் கொண்டுவரவில்லை, பழம்தான் என்னைக் கொண்டுவந்தது என்று யாரிடம் விளக்குவது?

அக்கா கதவைத் திறந்தாள். மூக்கு சுருங்கியது. நேரே உள்ளே போனாள். வந்தபோது கையில் மல்லிகை டப்பா. என்னை வாசலிலேயே நிற்கவைத்துத் தோள், மார்பு, முதுகு, கை என்று அடித்தாள். திரும்பச் சொல்லி விரலைச் சுழற்றினாள். திரும்பினேன். உச்சந்தலையிலும் ஒன்று அடித்தாள். பிறகு டப்பாவைக் காதருகே ஆட்டிப்பார்த்துவிட்டு, நேராக என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்:

“நாலு கேட்டேன். மூணுதான் கீது.”

கேட்டது ஃபாரூக் அல்ல என்பது அப்போதுதான் உறுதியாயிற்று. சட்டைப்பையிலிருந்து பட்டியலை எடுத்து நீட்டினேன். கையை எட்ட நீட்டி வைத்துக்கொண்டு படித்தாள்.

“மூடி உண்டு, உண்டு, உண்டு, இல்லை... இத்தையெல்லாம் எழுதி வச்சிருக்கியா? டைம் வேற?”

பாபு, பாலம், லாரி எல்லாவற்றையும் சொன்னேன்.

“அத்த வுடு. பொட்டிக்கு எதுக்குடா கைலி கட்டின? மூணு நாளா கேக்கணும்னு வாய் அரிக்குது.”

முடிச்சை அவிழ்த்துக் காட்டினேன். டைமண்டைப் பார்த்தாள். விவரம் கேட்டாள். விமான நிலையத்து அதிகாரி பேசியதைச் சொன்னபோது சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். சிரிப்பு நின்ற பிறகும் துடைத்தாள்.

“உன் மச்சான் என்னிய வுட ஒரு வயசு சின்னவருடா. கல்யாணத்தப்ப வாப்பா ரெண்டு வயசு கொறச்சுச் சொல்லிட்டாரு. அவருக்குத் தெரியவே தெரியாது. நீ குரூப்புல போட்ட அன்னிக்குத்தான் தெரியும்.”

“கோவப்பட்டாரா?”

“கோவப்பட்டிருந்தா தேவலையே. அன்னிலேர்ந்து என்னிய ‘அக்கா’ன்னு கூப்புட ஆரம்பிச்சாரு. ‘நூரக்கா, டீ கெடைக்குமா? நூரக்கா, கண்ணாடிய பாத்தீங்களா?’ மூத்தவன் பொஞ்சாதி எதிர்க்க, பேரன் எதிர்க்க. ஊரே சிரிச்சுது. ரெண்டு வருசம்டா. ஆஸ்பத்திரில கடைசியா வாயத் தொறந்தப்பவும் ‘அக்கா, தண்ணி’ன்னுதான் கேட்டாரு. நூருன்னு ஒரு தரம் கூப்ட்டிருக்கலாம்ல?”

என்னிடம் சொல்வதற்கு ஒரு தேதியும் இல்லை. “தப்புதான், அக்கா” என்றேன். சொன்ன பிறகுதான் அந்தச் சொல் காதில் விழுந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“பரவால்ல. நீ கூப்புடு. உனக்கு உரிமை கீது.”

தேநீர் கொண்டுவந்து எதிரில் உட்கார்ந்தாள். முகத்தில் வேறொரு யோசனை ஓடியது.

“ஆமா, உன் பொறந்த நாளு எப்ப?”

“ஜூன் ஒண்ணு.”

“யார் சொன்னா?”

“சர்டிபிகேட்ல இருக்கு. பாஸ்போர்ட்லயும் இருக்கு.”

“அத்து உன்னிய இஸ்கூல்ல சேத்த தேதிடா, லூசு. வயசு பத்தாதுன்னு ஹெட்மாஸ்டரு ஒரு தேதி போட்டுக்கினாரு. நீ பொறந்த அன்னிக்கு மழ. காசிமேட்டுல ஒரு கட்டுமரம் தண்ணில எறங்கல. தெருவுல முட்டிக்கால் தண்ணி. வாப்பா மருத்துவச்சிய தோள் மேல தூக்கினு வந்தாரு. அந்தம்மா கொடையப் பிடிச்சினு மேலேர்ந்து வழி சொல்லிக்கினே வருது. எனக்கு ஏழு வயசு, வாசல்ல நின்னு பாத்தேன். ஜூன்ல ஏதுடா அந்த மழ?”

“ஜூன்லயும் சில வருஷம்...”

“வாய மூடு.”

மூடினேன். மனம் மட்டும் கணக்குப் போட்டது. அந்த மழை ஐப்பசி அல்லது கார்த்திகையாக இருக்க வேண்டும். அப்படியானால் எனக்கு இன்னும் அறுபது முடியவில்லை. அப்படியானால் ஓய்வு பெற்றது பிழை. இந்தத் திங்கட்கிழமை நான் எண்ணூரில் மேசையில் உட்கார்ந்து டைமண்ட் சரிபார்த்துக்கொண்டிருக்க வேண்டியவன்.

“என்ன தேதி, அக்கா?” பேனாவை எடுத்தேன்.

“தெரியும். நல்லா ஞாபகம் கீது. கெழமையும் தெரியும்.”

“சொல்லு.”

“சொல்ல மாட்டேன். நீ குரூப்புல போட்டுருவ.”

எவ்வளவோ கெஞ்சினேன். ஃபாரூக் வந்து அவனும் கெஞ்சினான். டப்பாவைத் தூக்கி என் பக்கம் குறிவைத்தாள். விட்டுவிட்டேன்.

ஊர் திரும்பியபின் வாப்பாவின் நோட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நான் பிறப்பதற்கு முன்பே அது தீர்ந்துபோயிருக்கிறது. கடைசிப் பக்கம் வரை கடற்காற்று பற்றிய குறிப்புகள். வீட்டில் நடந்த பிரசவம், ஆஸ்பத்திரிச் சீட்டு எதுவும் இல்லை. பள்ளிப் பதிவேட்டில் இருப்பது ஹெட்மாஸ்டரின் ஜூன் ஒன்று. ஆகவே என் பிறந்த தேதி, இதை எழுதும் இன்றுவரை, சரிபார்க்கப்படவில்லை. ஒரே சாட்சி நல்ல நினைவோடு பதினாலாவது மாடியில் இருக்கிறாள். தினமும் காலையில் போன் செய்து கேட்கிறேன். அரை மணி நேரம் வேறெல்லாம் பேசுகிறாள். அதை மட்டும் சொல்வதில்லை.